தாலியை லாரியில் ஏற்றிய ரிவர்ஸ் அண்ணன்

பினாங்கில் லாரி ஓட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் லாரியில் சாமான் ஏற்றுகிற ஒழுங்கை வைத்தே ஒரு மனிதன் தன் வாழ்க்கை முழுவதையும் நடத்த முடியும் என்று காட்டியவர் எங்கள் ரிவர்ஸ் அண்ணன் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஜார்ஜ் டவுனில், படகுத்துறைக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி ஆபீஸ். எந்த லாரிக்கு எந்தச் சாமான், எந்த ஊரில் முதலில் இறக்குவது என்று திட்டம் போடுவது என் வேலை. லாரிகள் எல்லாம் அக்கரையில் பட்டர்வொர்த்தில் நிற்கும். அண்ணன் பெர்ரியில் வந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு, போகும்போது தவறாமல் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார்.

"கடைசியா எறங்குறது மொதல்ல ஏறணும், தங்கச்சி. அவ்ளோதான்லா தொழிலு."

இது எல்லா டிரைவருக்கும் தெரிந்த பாடம். ஈப்போவில் இறங்க வேண்டியது கதவுப் பக்கம், ஜொகூரில் இறங்க வேண்டியது உள்ளே. மற்றவர்கள் இந்தப் பாடத்தை யார்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அண்ணன் கூடவே எடுத்துக்கொண்டு போவார்.

எங்கள் கட்டடத்து லிப்டைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்லும். கதவு திறந்ததும் அண்ணன் குறுக்கே கையை நீட்டிவிடுவார். மேல்மாடி ஆட்கள் முதலில் ஏற வேண்டும், கீழ்மாடி ஆட்கள் கடைசியில். ஒருநாள் இரண்டாம் மாடி வக்கீலம்மா அவசரமாக ஏறப் போனார்.

"நீங்க கடைசியா ஏறுங்கம்மா. இப்ப ஏறுனா உள்ள மாட்டிக்குவீங்க."

"நீங்க யாரு, லிப்ட் பாக்குற ஆளா?"

"இல்லம்மா, லாரி டிரைவர்."

அதை ஏதோ நீதிபதி என்று சொல்கிற தோரணையில் சொன்னார். வக்கீலம்மா ஒதுங்கி நின்று கடைசியில்தான் ஏறினார். இரண்டாம் மாடியில் யாரையும் இடிக்காமல் இறங்கியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கதை சொல்வதிலும் அண்ணனுக்கு இதே ஒழுங்குதான். முடிவில் வர வேண்டியது முதலில் வந்துவிடும். ஒருநாள் போன் செய்து, "தங்கச்சி, பயப்படாத, ஆஸ்பத்திரியிலேருந்து வெளிய வந்துட்டேன்" என்று ஆரம்பித்தார். லாரி கவிழ்ந்ததா, நெஞ்சு வலியா என்று பதறிப்போய்க் கேட்டால், தைப்பிங் தாண்டி ஓய்விடத்தில் மரத்தடியில் படுத்திருந்தவரை எறும்பு கடித்து உதடு வீங்கியிருக்கிறது. இந்த எறும்பை எட்டிப் பிடிப்பதற்குள் என் காபி ஆறிப்போய்விட்டது.

இன்னொரு வியாதியும் உண்டு. காலி லாரி ஓட்ட அவருக்கு மனசே வராது. போன ஊரில் சாமானை இறக்கியதும், திரும்பி வருவதற்கு ஏதாவது ஏற்றிக் கொடு என்று என் உயிரை எடுப்பார். ஒருமுறை ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஈப்போவிலிருந்து பம்பளிமாஸ் பழமாக ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார். முதலாளி முதல் காவல்காரர் வரை எல்லாரும் உரித்துத் தின்றும் தீரவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் கல்யாணம் வந்தது.

மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். பெண் ஜொகூர் பாருவில். இரண்டு பேரும் விரும்பித்தான் பேச்சு நடந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை, எல்லாவற்றுக்கும் தாய்மாமன்தான். அவர் பேங்க்கில் அதிகாரி. நிச்சயத்தன்றே, "லாரிக்காரர் வீட்டுல குடுக்குறதுக்குக் கொஞ்சம் யோசனையாதான் இருந்துச்சு" என்று சபையில் வைத்துச் சொன்னார். பையன் முகம் செத்துப்போனது. அண்ணன் மட்டும் நிதானமாக, "கல்யாணத்துல ஒரு கொறையும் வராது, நீங்க பாருங்க" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தன்னால் மகனுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ்ஸில் போக ஏற்பாடு. நானும் அதில்தான். அண்ணன் மட்டும் என் மேசைக்கு வந்து, "கல்யாணத்தன்னிக்கு சவுத் பக்கம் லோடு இருக்கா?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு அப்பா லாரியிலயா வருவாங்க, அண்ணே?"

"அம்புட்டு தூரம் சும்மா போகச் சொல்றியா?"

கொடுத்தேன். பின்பக்கம் மட்டும் கதவு வைத்த பெட்டி லாரி. ஈப்போவுக்கு பிஸ்கட் டின்கள். சிரம்பானில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கழிவறைப் பீங்கான்கள், அதாவது ஊரில் ஜம்பான் என்று சொல்வோமே, அது. கடைசி நிறுத்தம் ஜொகூர் பாரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டு, கூறைப்புடவை, தாலி எல்லாவற்றையும் அண்ணனின் மனைவி, எங்களுக்கு அக்கா, ஒரு பெட்டியில் வைத்து அண்ணனிடம் கொடுத்திருந்தார். அதை அவர் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று அக்கா நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்.

இரவு முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போதுதான் லாரி மண்டப வாசலில் வந்து நின்றது. அக்கா ஓடினார்.

"தாலிய குடுங்க."

"உள்ள இருக்கு."

"உள்ளன்னா எங்க?"

"கடைசில."

கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் ஜம்பான். மெல்லிய பிளாஸ்டிக் சுற்றியிருந்ததே தவிர, என்ன சாமான் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

நடந்தது இதுதான். சிரம்பான் கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. போனுக்கும் பதில் இல்லை. சாயந்திரம் வரைக்கும் காத்திருந்துவிட்டு, இறக்காமலே கிளம்பிவிட்டார். வழியில் நெரிசல் வேறு. கடைசியில் இறங்க வேண்டிய தாலி, ஒழுங்குப்படி முதலில் ஏறி, லாரியின் அடிவயிற்றில் ஜம்பான்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

பெண் வீட்டு அத்தை ஒருவர் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை வீட்டுச் சீரா இது? நல்ல சாமான்தான். ஆனா இத்தனை எதுக்கு?"

தாய்மாமன் வந்தார். விஷயத்தைக் கேட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "கேபின்ல வச்சா கண்ணாடிய ஒடச்சு எடுத்துருவானுங்கன்னு பயந்தேன். எம்புத்திதான். யாரையும் சொல்லிக் குத்தமில்ல" என்றார். அவர் இப்படி ஒடுங்கி நின்று நான் பார்த்ததில்லை.

அதற்குள் மணவறையிலிருந்து மாப்பிள்ளையே எழுந்து வந்துவிட்டான். மாலையைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். லாரியில் ஏறி, "அப்பா, எறக்குவோம் வாங்க" என்றான். அவ்வளவுதான்.

பிறகு யாரும் சும்மா நிற்கவில்லை. பட்டுச் சட்டைக்காரர்கள், சமையல்காரர்கள், மேளக்காரர்கள் என்று வரிசை கட்டிக் கைமாற்றி இறக்கினோம். அந்த நேரத்திலும் அண்ணன், "ரெண்டு கையாலயும் புடிங்க, ஒடைஞ்சா கம்பெனிக்காரன் என்னையத்தான் கேப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்ப ஏற்றத் தோதாக, வாழைமரத்திலிருந்து வாசல் வரை இரண்டு பக்கமும் ஒழுங்காக அடுக்கினார். பன்னீர் தெளிக்கிற பெண்கள் தட்டோடு நடுவில் நிற்க, வந்தவர்கள் எல்லாரும் ஜம்பான் அணிவகுப்புக்கு நடுவே உள்ளே போனார்கள். கால் வலித்த பெரியவர் ஒருவர் ஒன்றின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டி வந்தது. அக்கா வாங்கிக்கொண்டு ஓடினார். எல்லாரும் பின்னாலேயே ஓடினார்கள்.

அண்ணன் ஓடவில்லை. லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்தவர் சாமான் ரோட்டோரத்தில் கிடக்கிறது. டிரைவர் விட்டுவிட்டுப் போக முடியாது.

"நான் பாத்துக்குறேன், நீங்க போங்கண்ணே" என்றேன்.

"நீ ஆபீஸு. ஏத்துனவன் நானு. என் பொறுப்பு." பக்கத்தில் சாய்ந்திருந்த ஒன்றை நிமிர்த்தி வைத்தார். "இவன் பொறந்தப்ப நான் குவாந்தான்ல நின்னேன், தங்கச்சி. பள்ளிக்கூடம் மொத நாளு, அப்பவும் ரோட்டுலதான். பழகிப்போச்சு."

பழகிப்போகவில்லை. பார்வை மண்டப வாசலிலேயே இருந்தது. கெட்டிமேளத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மேளம் கேட்கவில்லை. தாய்மாமன்தான் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"தாலியக் கையில வச்சுக்கிட்டு கட்ட மாட்டேங்குறான். அப்பா வரணுமாம்."

அண்ணன் சாமானைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். தாய்மாமனும் சாமானைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க உள்ள போங்க, சம்பந்தி. நான் சாமானுக்கு ஜாகா, காவல் பாத்துக்குறேன்."

அண்ணன் இரண்டடி ஓடிவிட்டுத் திரும்பினார். "அந்த ஓரத்துல இருக்குறது கொஞ்சம் ஆடுது. ஒரு கை வச்சுக்குங்க, சம்பந்தி." பேங்க் அதிகாரி மறுபேச்சுப் பேசாமல் கையை வைத்துக்கொண்டார்.

நான் அண்ணனுக்குப் பின்னாலேயே ஓடினேன். கயிறு இழுக்கிற அழுக்குக் கையுறையைக் கழற்றவும் மறந்து, அந்தக் கையிலேயே அட்சதையை வாங்கினார். மகன் அவர் வந்துவிட்டதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் தாலியைக் கட்டினான். அண்ணன் அட்சதையைப் போட்டார். குழந்தை மாதிரி அழுதார். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை. இருந்திருந்தாலும், அவருக்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா என்று தெரியவில்லை.