ஃப்ரீசர் ஜாக்கெட்டில் ஒரு வார்ம்-அப்

ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவனால் பெரிய சேதம் எதுவும் வராது. அதைப் பற்றி ஒரு கட்டுரை படித்துவிட்டு வந்தவனால்தான் வரும். இதை நான் மற்றவர்களைக் கவனித்துச் சொல்லவில்லை.

ஊரில் இரண்டு வருடம் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன். ஓடாமலே ஓட்டப்பந்தயத்தைப் பற்றியும், நீச்சல் தெரியாமலே நீச்சலைப் பற்றியும் எழுதிப் பழகிய கை. அந்தக் கையோடு இரண்டாயிரங்களின் நடுவில் துபாய்க்குப் போய், ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் டைம்கீப்பராகச் சேர்ந்தேன். யார் எப்போது டூட்டிக்கு வந்தார்கள், எப்போது போனார்கள் என்று குறிப்பது வேலை. அங்கே நான் தூக்கியதிலேயே கனமான பொருள் ஸ்டேப்ளர். என் பழைய உத்தியோகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, தொழிலாளர்கள் தங்கும் கேம்பில் எல்லோரும் என்னை 'பேப்பர்' என்றே கூப்பிட்டார்கள்.

கேம்பில் இரண்டு கட்டடங்கள். முதலாவதில் பெரும்பாலும் நாங்கள், தமிழ்நாட்டு லோடிங் ஆட்கள். இரண்டாவதில் மலையாளிகளும் பட்டான்களும். எல்லோருக்கும் ஒரே சமையலறை. சமையல் கீழக்கரை ஜப்பார் பாய். அவர் மீன் குழம்பு வைக்கிற நாளில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. (கல்ஃபில் ஒருவன் அப்படிச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.)

அந்த வருடம் கம்பெனி, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சமையலறை என்று பிரித்தது. இன்னொரு சமையல்காரர் வந்தார். வந்த வாரத்திலேயே அவருக்கு 'தால் மாஸ்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. காலையில் தால், மதியம் தால், இரவில் மதியத் தாலில் கொஞ்சம் தண்ணீர். ஜப்பார் பாய் யாருக்கு, தால் மாஸ்டர் யாருக்கு என்று இரண்டு கட்டடமும் முறைத்துக்கொண்டு நின்றன. கேம்ப் பாஸ் தாமஸ் சேட்டன் புகார்களைக் கேட்டுக் களைத்துப்போய்க் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: விளையாட்டு நாளில் பஞ்சா ஜெயிக்கிற கட்டடத்துக்கு ஜப்பார் பாய்.

பஞ்சா என்பது மேசையில் முழங்கை ஊன்றி, கையோடு கை கோத்து, எதிராளியின் கையை மடக்குகிற போட்டி. எடைவாரியாக மூன்று ஆட்டம். பெரிய எடைக்கு எங்களிடம் செல்வராஜ் அண்ணன் இருந்தார். பரமக்குடிக்காரர். அவர் கையைக் குலுக்கிவிட்டு மோதிரத்தைக் கழற்ற முடியாமல் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடு எடைக்கும் ஆள் இருந்தது. அறுபது கிலோவுக்குக் கீழேதான் பஞ்சம். மொத்தக் கட்டடத்திலும் அந்த எடையில் இரண்டு பேர்தான். ஒருவர் சர்க்கரை நோயில் இளைத்துப்போன பெரியவர். இன்னொருவன் நான். பெரியவரையே அனுப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தார்கள்.

தேர்வானதும் நான் செய்த முதல் காரியம், பர் துபாய்க்கு பஸ் ஏறி ஓர் இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்ததுதான். பஞ்சாவுக்கு முன் வார்ம்-அப் செய்ய வேண்டுமா, எப்படி என்று தேடினேன். வெளிநாட்டு வீரர் ஒருவர் விவரமாக எழுதியிருந்தார். குளிர்ந்த தசையோடு மேசைக்குப் போகாதே. மணிக்கட்டைச் சுழற்று. நண்பனோடு மெதுவாக ஒரு சுற்றுப் பிடி. லேசாக வியர்த்ததும் நிறுத்து. உன் முறை வரும்வரை கையை மூடிச் சூடாக வைத்திரு. அச்செடுத்து வந்து ரூமில் சத்தமாக வாசித்தேன்.

செல்வராஜ் அண்ணன் கட்டிலில் படுத்தபடியே கேட்டார். "இதெல்லாம் எதுக்கு பேப்பரு? கைய வச்சமா, மடக்குனமான்னு போவியா."

"அப்பிடி இல்லண்ணே. சதை குளுந்து கெடந்தா கிழிஞ்சிருமாம்."

"ஆகஸ்ட் மாசத்துலயா? இங்க குளுர்றதுக்கு என்ன இருக்கு?"

அந்த வாரம் முழுவதும் கேம்பில் யாரும் கேட்டதிலேயே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். படிக்காதவர்களின் சந்தேகம் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டேன். உண்மையில் விளையாட்டு நாள் குளிர்காலத்தில் நடக்க வேண்டியது. கப்பல் கப்பலாகச் சரக்கு வந்ததால் தள்ளித் தள்ளி ஆகஸ்டில் வந்து நின்றிருந்தது.

ஜப்பார் பாய் என்னைத் தத்தெடுத்துக்கொண்டார். அவருக்கும் எங்களை விட்டுப் போக மனமில்லை. இரண்டாம் கட்டடத்துச் சமையலறையில் புகை வெளியே போக ஜன்னல்கூடக் கிடையாது. "நீங்க கைய மட்டும் பாத்துக்குங்க தம்பி, வவுத்த நான் பாத்துக்கிறேன்" என்று தினமும் ஆட்டுக்கால் சூப், அவித்த முட்டை, நெய் மிதக்கிற ஏதாவது ஒன்று. விளைவு, வெள்ளிக்கிழமை காலையில் கிடங்கின் மேடைத் தராசில் ஏறி நின்றபோது நான் அறுபதைத் தாண்டியிருந்தேன். சரக்குப் பெட்டியைப் பார்ப்பதுபோல என்னைச் சுற்றி வந்து பார்த்தார்கள்.

"தண்ணி குடிக்காத. சாயங்காலம் எடை பாக்குற வரைக்கும் எச்சிய மட்டும் முழுங்கு" என்றார் செல்வராஜ் அண்ணன். அப்படியே செய்தேன்.

மாலையில் எடை சரியாக வந்தது. மைதானம் என்பது இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட இடம். காற்று ஈரத் துணிபோல முகத்தில் ஒட்டியது. நான் அச்செடுத்த தாளின் வரிசைப்படி ஆரம்பித்தேன். மணிக்கட்டு, முழங்கை, தோள். அடுத்து, 'உன் முறை வரும்வரை கையைச் சூடாக வைத்திரு'. அதற்காக ஐஸ் கிடங்கில் வேலை செய்யும் நண்பரிடம் ஃப்ரீசர் ஜாக்கெட்டை இரவல் வாங்கி வைத்திருந்தேன். உறைந்த கோழிகளுக்கு நடுவில் நிற்பவர்கள் போடுகிற, பஞ்சு அடைத்த நீல ஜாக்கெட். அதை மாட்டிக் கழுத்து வரை ஜிப்பை இழுத்தேன். இரண்டாம் கட்டடத்து ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் அதை பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். லேசாக வியர்த்ததும் நிறுத்தச் சொல்லியிருந்தார் வீரர். எனக்கோ கதவைத் தாண்டியபோதே வியர்த்துவிட்டது. எப்போது நிறுத்துவது? ஜப்பார் பாயிடம் கேட்டேன். அவர் என் நெற்றியை உற்றுப் பார்த்தார்.

"இது அல்லா குடுத்த வேர்வை தம்பி. ஒங்க வேர்வை இன்னும் வரல."

ஆகவே தொடர்ந்தேன். நண்பனோடு மெதுவாக ஒரு சுற்று என்ற விதிக்கு ரூம் நண்பர் ஒருவர் வந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார். தங்கள் சாப்பாட்டுக்குத் தங்களாலான உதவி என்று கட்டடமே வரிசையில் நின்றது. லோடிங் ஆட்களின் அகராதியில் 'மெதுவாக' என்றால் மேசை உடையாமல் என்று அர்த்தம். சிறப்பு விருந்தினரான மேனேஜர் வரத் தாமதமானது. சூடு ஆறிவிடக் கூடாதே என்று மறுபடி மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தேன். அவர் வந்து, உடல் ஆரோக்கியம் பற்றிப் பேசினார். அது முடியும்வரை ஜாக்கெட்டுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

பெரிய எடையில் செல்வராஜ் அண்ணன், மேனேஜர் கைதட்டத் தயாராவதற்குள் முடித்துவிட்டார். நடு எடையில் நாங்கள் தோற்றோம். ஜப்பார் பாய் யாருக்கு என்பது இப்போது என் ஆட்டத்தில் வந்து நின்றது. எனக்குப் பின்னால் முதல் கட்டடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எதிராளி பிஜு, பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒல்லியான மலையாளி. வெள்ளிக்கிழமைகளில் கேம்புக்கு முடிவெட்டுகிறவரும் அவர்தான். அன்று காலை முழுக்கக் கத்தரியும் கையுமாக இருந்துவிட்டு, குளித்து, ஏசி ரூமில் தூங்கி, பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வந்திருந்தார். தலைமுடிகூடக் கலையவில்லை. நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்து வந்த ஆவியில் நடுவர் ஓர் அடி பின்வாங்கினார்.

நடுவர் குல் கான், பெஷாவர்க்காரர், டிரெய்லர் டிரைவர். எங்கள் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்து, "யல்லா" என்று விட்டார்.

அடுத்து நடந்ததை ஒரு செய்தியாளனாக என்னால் முடிந்தவரை துல்லியமாகச் சொல்கிறேன். நான் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிப் பிடித்தேன். விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை கை மொத்தமாகச் சுண்டி இழுத்து, கல்லாக இறுகியது. பிஜு என் கையை மேசையில் படுக்கவைத்தார். ஒரு புத்தகத்தை மூடுகிற வேகம்தான்.

"கலாஸ்" என்றார் குல் கான். முடிந்தது.

ஆனால் முடியவில்லை. என் விரல்கள் திறக்கவில்லை. பிஜுவின் கையைக் கவ்வியபடி அப்படியே பூட்டிக்கொண்டன.

"சேட்டா, கை விடு" என்றார் பிஜு சிரித்துக்கொண்டே.

"விட முடியல" என்றேன்.

"சேட்டா, கழிஞ்ஞு. ஞான் ஜெயிச்சு."

"தெரியுது பிஜு. கைக்குத் தெரியல."

தோல்வியை ஒப்புக்கொள்ள மறுக்கிறேன் என்று இரண்டாம் கட்டடம் கூச்சல் போட்டது. எங்கள் ஆட்களுக்கோ அதுவே ஒரு நம்பிக்கையாகிவிட்டது. "விடாத பேப்பரு, விடாத" என்று கத்தினார்கள். "சோடோ பாய், சோடோ" என்று கையை விடச் சொல்லிக் குல் கான் என் கட்டைவிரலைப் பிரித்தார். அவர் சுண்டுவிரலுக்குப் போவதற்குள் கட்டைவிரல் திரும்ப மூடிக்கொண்டது. மேனேஜர் வெற்றி பெற்றவருக்குக் கோப்பை கொடுக்க எழுந்து நின்றார். வேறு வழியில்லாமல் பிஜு இடது கையால் கோப்பை வாங்கினார். வலது கையில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். கேம்ப் சுவரில் பல காலம் மாட்டியிருந்த புகைப்படத்தில், வென்றவரைவிட என் முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

கடைசியில் ஜப்பார் பாய்தான் உப்புப் போட்ட மோரை ஒரு சொம்பு நிறைய என் வாயில் ஊற்றி, முழங்கையைத் தேய்த்துத் தேய்த்துப் பிரித்துவிட்டார். "தசைப்பிடிப்பு. காலையிலேர்ந்து தண்ணியே குடிக்காம, ஆகஸ்ட் மாசத்துல கம்பளிய மாட்டிக்கிட்டு நின்னா வராம என்ன செய்யும்?" என்றார் கம்பெனி கம்பவுண்டர். தசைநாரும் கொஞ்சம் விலகியிருக்கிறது என்று கையை மடக்கிக் கழுத்திலிருந்து தூளி கட்டிவிட்டார். அன்றிரவு ரூமில் அந்தத் தாளை மறுபடி படித்தேன். 'போதுமான தண்ணீர் குடி' என்ற வரி நடுவில் தெளிவாக இருந்தது. அந்த வீரர் எதையும் தப்பாக எழுதவில்லை.

மறுநாள் ஜப்பார் பாய் தன் பெரிய சட்டிகளை எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்குப் போனார். தால் மாஸ்டர் வந்தார். முதல் வேளைச் சாப்பாட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பிஜு வாசலில் நின்றார். கையில் ஒரு தூக்கு. என் கை இப்படி ஆனதில் அவருக்கு மனசு சரியில்லை. கையை அசைக்க முடியாதவனுக்குக் கொடு என்று ஜப்பார் பாய் அனுப்பிய மீன் குழம்பு. மூடியைத் திறந்ததும் ரூமில் எல்லோர் கழுத்தும் திரும்பியது. தோற்றவனுக்கு மீன் குழம்பு, அவனால் கெட்டவர்களுக்குத் தால். அன்று இரவு என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாலும் நியாயம்தான்.

செல்வராஜ் அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கி வந்து என் தூளியைச் சரிசெய்தார். அம்மாபோல அவ்வளவு மெதுவாக.

"பேப்பரு, கை ரொம்ப வலிக்குதுல்ல?"

"கொஞ்சம் பரவாயில்லண்ணே."

"இல்ல. ரொம்ப வலிக்குது. நாளைக்கு பிஜு வந்தா அப்பிடித்தான் சொல்ற. அப்புறம் இந்தத் தூக்கு பத்தல, பசி தாங்கலன்னு சொல்லு."

வலித்தது. ஒரு வாரத்தில் தூக்கு சட்டியானது. அடுத்த வாரம் சட்டி, பிஜுவும் இன்னொருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வருகிற அளவுக்கு வளர்ந்தது. என் வலியில் கட்டடமே சாப்பிட்டது. கம்பவுண்டர் தூளியை அவிழ்த்துவிட்ட நாளில் செல்வராஜ் அண்ணன் புதுத் துண்டு ஒன்றில் எனக்குத் தூளி கட்டினார். டூட்டியில் ஒரு கையாலேயே ஸ்டேப்ளர் அடிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் ஜப்பார் பாயே நேரில் வந்துவிட்டார். நான் குளியலறையிலிருந்து இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு வெளியே வந்துகொண்டிருந்தேன். அவர் வாளிகளைப் பார்த்தார். நான் ஒரு வாளியை மட்டும் கீழே வைத்தேன்.

"தெரியும் தம்பி" என்றார். "ஒத்தக் கை வலிக்கு எவனாச்சும் ஒரு சட்டி கொழம்பு குடுத்தனுப்புவானா? நீங்க பாட்டுக்கு வலிச்சுக்கிட்டே இருங்க."

நான் ஊர் திரும்பும்வரை வலித்தேன்.

என் கல்யாண வரவேற்பில் செல்வராஜ் அண்ணன் மேடையேறி இந்தக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். முதல்நாள் தாலி கட்டியிருந்த மனைவி அதையெல்லாம் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். இன்றும் வீட்டில் பரீட்சை நாளில் மகனுக்கு வயிற்றுவலி வந்தாலும், அவளுடைய அண்ணன் வீட்டு விசேஷத்தன்று எனக்கு முதுகு பிடித்துக்கொண்டாலும், அவள் என்ன ஏதென்று பதறுவதில்லை. செய்கிற வேலையிலிருந்து தலையைத் திருப்பாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:

"வலி எத்தன பேருக்கு?"