ஒரு பஸ்ஸைக் காப்பாற்றப் போன கதை

ஜனநாயகத்தில் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. ஆனால் அதோடு இப்போது நெருங்கிப் பழகுவதில்லை. வாக்கைப் போடுவேன், வீட்டுக்கு வந்து படுப்பேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

காரணம் ஒரு பஸ். நாங்கள் இருப்பது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஊர். என் மனைவி சாந்திக்கு கிரின்ஸ்டெட்டில் வயோதிபர் இல்லத்தில் வேலை. கார் ஓடப் பயம், அதனால் விடியற்காலைப் பஸ்ஸில் போய்வந்தாள். நானோ தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட் முடித்து வந்து, பத்து மணி வரை குறட்டை விடுகிறவன். அந்தப் பஸ்ஸை நகரசபை நிறுத்தப்போகிறது என்று கேள்விப்பட்டேன். இனி அவளை ஏற்றி இறக்குவது யார்? நித்திரை போச்சு!

லண்டனில் இருக்கும் சாந்தியின் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். அங்கே ஒரு நூலகத்தை மூடவிடாமல் தடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று சொல்லித் திரிகிற மனிதர்.

"மச்சான், தனியப் போய் அழுதால் ஒருத்தரும் கேட்கமாட்டினம். ஆக்களைச் சேர், சபையில கொண்டுபோய் நிப்பாட்டு. எங்கட எம்பியே ஆடிப்போட்டார்!"

அவ்வளவுதான், நான் மக்கள் தலைவனாகிவிட்டேன். தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றையும் விடவில்லை. "உரிமைப் பிரச்சினை அண்ணை, கட்டாயம் வரவேணும்" என்று போனில் மன்றாடினேன். சாப்பிட ரோல்ஸும் உண்டு என்றேன். (எங்கள் ஆட்களை நேரத்துக்கு வரவைக்க வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.)

இரவு நடந்த சபைக் கூட்டத்துக்கு நான் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். எல்லோரும் வந்தார்கள். ஆளுக்கொரு காரில் வந்தார்கள். நகரசபையின் வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிட்டது. போக்குவரத்துக் குழுவின் தலைவி தன் காரை எங்கேயோ விட்டுவிட்டு, மழையில் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? மண்டு, உறைக்கவில்லை.

எழுதிவைத்த டேனிஷில் முழங்கினேன். இந்தப் பஸ் எங்கள் உயிர்நாடி என்றேன். நம்மாட்கள் கைதட்டினார்கள். தலைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்வரிசையில் இருந்த என் கூட்டாளி சிவா அண்ணையிடம் மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் கடைசியாக எப்போது இந்தப் பஸ்ஸில் போனீர்கள்?"

சிவா அண்ணைக்குப் பொய் வராது. அழகான டேனிஷில் அவர் சொன்னது இதுதான்:

"எங்களுக்கு என்னத்துக்கு பஸ்? எல்லாரிட்டையும் கார் கிடக்கு. இது இவற்ர மனிசிக்கு. இவருக்கு விடிய எழும்ப ஏலாது, பாவம்."

(அதையும் நானே அவருக்குச் சொல்லித் தொலைத்திருந்தேன்.)

"உங்கள் மனைவி எங்கே?" என்று தலைவி என்னைப் பார்த்தார்.

"வீட்டில் நித்திரை. காலையில் வேலை" என்றேன். சபையே சிரித்தது. ரோல்ஸ் தின்றுகொண்டே நம்மாட்களும் சிரித்தார்கள்.

பஸ் நின்றே போனது. மறுவாரமே நான் இருட்டில் கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டத் தொடங்கினேன். மூன்றாம் மாதம் சிவா அண்ணையின் மனைவிக்கும் அதே இல்லத்தில் வேலை கிடைத்தது. "நீர் எப்பிடியும் போறீர்தானே" என்றார் அண்ணை. பிறகு இன்னும் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். கொஞ்சம் பிந்தினால் நால்வருமாகச் சேர்ந்து எனக்கு அழுத்தம் கொடுக்கிறார்கள், நகரசபை படாத பாடு நான் படுகிறேன்.

விடியற்காலையில் அலாரத்துக்கு அசையாமல் கிடந்தால் சாந்தி போர்வையை இழுத்து எறிகிறாள்.

"எழும்புங்கோ, பஸ் வெளிக்கிட நேரமாச்சு!"