மோரில் விழுந்த வாழைப்பூ

கத்தரிக்காய் கறுப்பதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கல்யாணத்துக்குப் போகிற மனிதர் விருத்தாசலத்தில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய அவருக்கு ‘ஸ்டாப்வாட்ச் சார்’ என்று பெயர். நான் வணிகவியல். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது, என் தலையெழுத்து.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். மணமக்களைக்கூடப் பார்க்காமல் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடப்போன சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரத்தில் கறுக்கிறது என்று பார்த்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றாராம். பெண்ணின் மாமா வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் சாம்பார் கொதித்தது.

அவர் உயிரே பெராக்சிடேஸ் என்கிற நொதியில் இருந்தது. காய்கறிச் சாற்றில் இருக்கும் அது, ஹைட்ரஜன் பெராக்சைடும் இன்னொரு மருந்தும் சேர்த்தால் பழுப்பு நிறம் காட்டும். புளிப்பு கூடினால் வேகம் குறையும். இதை அவர் என்னிடம் சொல்லாத நாளே கிடையாது. எனக்கு டெபிட் கிரெடிட் மறந்தாலும் இது மறக்காது.

அந்த வருஷம் அவர் பிரிவில் மாணவர்கள் குறைவு. பல்கலைக்கழகக் குழு வந்து பார்த்துத் திருப்தி இல்லையென்றால் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் சாருக்கு வேலை போச்சு. மனிதர் அசரவில்லை, வாழைப்பூவை வைத்து அந்தச் சோதனையையே செய்து காட்டுகிறேன் என்றார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நல்ல பூவாக வாங்கிவந்து, ஆய்ந்து நறுக்கித் தரும்படி மனைவியிடம் கொடுத்தார்.

மறுநாள் குழு சுற்றி நிற்க, நம்மூர்ப் பீங்கான் பட்டறையில் செய்த வெள்ளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்தார். பூவை அரைத்துச் சாறு ஊற்றி, மருந்து ஊற்றி, வாட்ச்சை அமுக்கினார். நிறம் வரவில்லை. குழுத்தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

சார் வீட்டிலிருந்து பூ கொண்டுவந்த டப்பாவை முகர்ந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மோரு” என்றார் மெதுவாக.

வேறென்ன? வாழைப்பூ நறுக்கினால் கறுக்காமல் இருக்க மோரில்தானே போடுவோம். சாரின் மனைவியும் போட்டிருந்தார், அதுவும் நன்றாகப் புளித்த மோரில்.

டப்பாவை மூடிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மேடம், கேண்டீன்ல ஆப்பசோடா இருக்குதா பாருங்க. புளிப்பை முறிக்கணும்.”

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். முதல் கிண்ணத்தை அப்படியே விட்டார். அடுத்ததில் துளி சோடா, அதற்கடுத்ததில் ஒரு சிட்டிகை, கடைசிக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டார். முதல் கிண்ணம் வெளுப்பாகவே கிடந்தது. இரண்டாவதில் நிறம் லேசாக முனகியது. மூன்றாவதில் பழுப்பு குபுகுபுவென்று ஏறியது. கடைசிக் கிண்ணம் மறுபடியும் சுணங்கியது.

“புளிப்பு ஏறினாலும் ஓடாதுங்க, சோடா ஏறினாலும் ஓடாதுங்க. நடுவுலதான் ஓடும்” என்றார்.

தலைவி அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “மோர்ல ஊறவைக்கிற யோசனை யாருதுங்க?”

“எங்க வூட்டம்மாதுங்க” என்றார் சார், கொஞ்சமும் தயங்காமல். பிரிவு பிழைத்தது.

சாயங்காலம் அவரோடு அவர் வீட்டுக்கு நானும் போனேன். அவர் மனைவிக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. அழுது கண் வீங்கி வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏங்க, பழக்கதோஷத்துல மோர்ல போட்டுட்டேன். என்னால உங்க வேலைக்கு ஆபத்தாயிடுச்சா?”

“ஆபத்தா? நீ மோர்ல போடாம நறுக்கிக் குடுத்திருந்தா, நானும் ஒரே ஒரு பழுப்புக் கிண்ணத்தைக் காட்டிட்டுத் திரும்பியிருப்பேன். நீ மோரு ஊத்தினதாலதான் பொழைச்சோம்” என்றார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு டீ போட உள்ளே போனார். அப்பேர்ப்பட்ட மனுஷர். அவரைக் கிறுக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.