பாரிஸ் மணிக்கு இப்போது மணி என்ன?

புதுச்சேரியை விட்டு ஓர் அடி எடுத்து வைக்காமலே ஐந்து மாதம் பிரான்சில் குடியிருந்த மனிதன் உலகத்தில் ஒருவன்தான். எங்கள் பாரிஸ் மணி. அவன் பெயர் மணி அல்ல. யார் எதைக் கேட்டாலும் முதலில் பாரிசில் இப்போது மணி என்ன என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வான். அதனால் வந்த பெயர்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்தேன், ஓசூரில் செங்கல் தூக்கினேன், இடையிடையே பஸ் ஸ்டாண்டுகளில் படுத்தேன். கடைசியில் புதுச்சேரி கோரிமேட்டில் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. தங்குவதற்கு மேரி அக்காவின் டீக்கடைக்கு மேலே ஓர் அறை. அதில் ஏற்கெனவே ஒரு காரைக்கால் பையன் இருந்தான், கல்லூரியில் கடைசி வருடம். நான் பெட்டியோடு நுழைந்தபோது ஞாயிறு காலை பத்து மணி. உள்ளே கும்மிருட்டு. ஜன்னலைப் போர்வையால் மூடி ஆணி அடித்திருந்தான்.

“மெதுவாண்ணா. மணி அஞ்சரைதான் ஆவுது.”

“வெளிய வெயிலு மண்டையப் பொளக்குதுடா.”

“அது இந்தியாவுல.”

சங்கதி இதுதான். மேல்படிப்புக்கு அவன் பிரான்ஸ் போக வேண்டும். போனவுடன் நேரம் மாறி, தூக்கம் கெட்டு, முதல் மாதப் படிப்பே வீணாகும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். “அங்க போயி பழகறத இங்கியே பழகிட்டா ஒரு மாசம் லாபம்தானேண்ணா?” என்றான். சுவரில் ஒரு கடிகாரம், அதில் பிரான்ஸ் நேரம். நம் நேரத்தில் நாலரையைக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஏறாத கழித்தல் எனக்கு அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஏறியது.

ஒன்பதரை மணி வகுப்பு அவனுக்கு விடிகாலை ஐந்து. ஒருநாள் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டவனைப் பேராசிரியர் எழுப்பி நிறுத்தினார். “சார், எனக்கு இன்னும் விடியல” என்றிருக்கிறான். “விடிஞ்சதும் வா” என்று வெளியே அனுப்பிவிட்டார். பதினொன்றரைக்கு, அதாவது அவனுடைய ஏழு மணிக்கு, தலை சீவி, பவுடர் போட்டு வாசலில் போய் நின்று “போன்ழூர் சார்!” என்றானாம். வகுப்பே எழுந்து கைதட்டியதாக அவன் சொன்னான். அதில் பாதியைத்தான் நான் நம்பினேன்.

பெயரைக் கேள்விப்பட்டு ஒரு கல்யாணத் தரகர் கூட வந்துவிட்டார். கையில் பெண் போட்டோ. டீக்கடையில் நின்று, “பாரிஸ் மணின்றது இங்கதானே? பையனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டியாமே?” என்று குழைந்தார்.

மேரி அக்கா கிளாசைக் கழுவியபடியே சொன்னார்: “நேஷனாலிட்டி எல்லாம் கெடயாது. டைமிங் மட்டும்தான் பிரெஞ்சு.”

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். அவன் அப்பா அவனுக்கு ஒரே ஒரு முறைதான் அனுமதி கொடுத்திருந்தார். இந்தத் தடவை பிரான்சில் இடம் கிடைக்காவிட்டால், காரைக்காலில் மாமாவின் சிமென்ட் கடையில் உட்கார வேண்டும். அதோடு முடிந்தது. லியோன் நகரத்துக் கல்லூரி ஒன்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. கம்ப்யூட்டர் வழியாகத்தான். மார்ச் கடைசித் திங்கட்கிழமை, பிரான்ஸ் நேரம் பதினோரு மணி. மிஷன் வீதி பிரவுசிங் சென்டரில் ஓர் அறை சொல்லி வைத்தான். சித்தி, அத்தை, மாமா என்று ஆளாளுக்கு வாழ்த்தியே நடுங்க வைத்ததால் போனை ஞாயிறன்றே அணைத்துவிட்டான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு நான் எழுந்து சுவரைப் பார்த்தேன். மூன்றரை. நாலரையைக் கழித்தால் இரண்டரைதானே வர வேண்டும்? விரல் விட்டும் எண்ணிப் பார்த்தேன். இரண்டரைதான். அடப்பாவி, இன்றைக்குப் பார்த்தா கடிகாரம் கெட வேண்டும்! அவனை எழுப்பாமல் முள்ளை ஒரு மணி பின்னால் திருப்பி வைத்துவிட்டு, பெரிய புண்ணியம் செய்தவனைப் போல வேலைக்குப் போனேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தேன். கடிகாரத்தில் ஒன்பதரை. பாரிஸ் மணி பாட்டுப் பாடிக் குளித்துக்கொண்டிருந்தான். அப்போது மேரி அக்கா டீயோடு மாடி ஏறி வந்தார். அவனுக்கு அவர் தினமும் டீ கொண்டுவருவது மூன்று மணிக்கு.

“இன்னாக்கா, ரெண்டு மணிக்கேவா? அவன் டீ குடிக்க இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது.”

“எங்கிட்ட ஏன்யா கத்தற? நேத்துலருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே எடுத்துட்டு வாங்கன்னு அவன்தான் சொன்னான். கோடை வந்துடுச்சுன்னு பிரான்சுல முள்ள நவுத்திட்டாங்களாம்.”

உள்ளே பாட்டு நின்றது. கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையெல்லாம் நுரை. கடிகாரத்தைப் பார்த்தான். டீயைப் பார்த்தான்.

“டீதான் கரெக்ட்டு. கடிகாரம் தப்பு. ண்ணா, அர மணி நேரந்தான் இருக்கு!”

குட்டி யானையின் பின்னால் இருபது தண்ணீர் கேன். இறக்க நேரமில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பஸ்களுக்கு நடுவே நான் புகுந்த வேகத்துக்குக் கேன்கள் ஒன்றையொன்று முட்டி மேளம் கொட்டின. பக்கத்தில் அவன் சட்டைப் பொத்தான் போட்டபடி சத்தமாக பிரெஞ்சு ஒப்பித்தான். சிக்னலில் நின்ற ஒரு பைக்காரர், “தம்பிக்கு இன்னா, சாமி வந்துருச்சா?” என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. “டேய், முள்ள நான்தான்டா திருப்பி வெச்சேன்.”

பிரெஞ்சு நின்றது. என்னையே பார்த்தான். அறைவான் என்றுதான் நினைத்தேன்.

“நாலரையக் கழிச்சுப் பாத்தியாண்ணா?”

“ம்.”

“அப்ப உன் கணக்கு ரைட்டுதான். அவனுங்கதான் கணக்க மாத்திட்டானுங்க. மிதிண்ணா!”

பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அறைக்குள் பாய்ந்தான். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். பிரெஞ்சு புரியாவிட்டாலும் அவன் வலது காதில் சோப்பு நுரை இருந்தது நன்றாகத் தெரிந்தது. திரையில் தேர்வு நடத்திய அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். முதலில் அவனைச் சகஜமாக்க, உங்களுக்கு இப்போது மணி என்ன என்று கேட்டாராம். இவன் பழக்க தோஷத்தில், “பதினொன்று” என்றான். இங்கே அல்ல, உங்களுக்கு என்றார் அந்த அம்மா. “எனக்கும் பதினொன்றுதான், மேடம். ஐந்து மாதமாக” என்றான். பிறகு காரணத்தைக் கேட்டு அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்ததை நானே பார்த்தேன்.

இடம் கிடைத்தது. கடைத்தெரு முழுவதற்கும் அன்று மேரி அக்கா டீ கொடுத்தார்.

செப்டம்பரில் லியோனிலிருந்து முதல் வீடியோ அழைப்பு. ஜன்னலைத் திறந்து காட்டிக் கத்தினான்: “ண்ணா, சூரியனும் நானும் இன்னிக்கு ஒண்ணா எந்திரிச்சோம்ண்ணா! நம்ம ஊருலருந்து வந்த மத்த பசங்கல்லாம் கண்ணு சொருகிக் கெடக்குறானுங்க, நான் மட்டும்தான் கிளாஸ்ல முழிச்சிருக்கேன்!” டிராமைக் காட்டினான், இரண்டு ஆற்றைக் காட்டினான், முழ நீள ரொட்டியைக் காட்டினான். தானே தோய்த்த சட்டையைக்கூடக் காட்டினான். ரொட்டி கடித்தே தாடை வலிக்கிறது என்று சொல்லும்போதும் சிரித்தான்.

குளிர் வந்தபோது மறுபடி அழைத்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம்.

“அது இன்னாடா, தப்பு நேரம் காட்டுது?”

“அது நம்ம ஊரு டைம்ண்ணா. மேரி அக்கா எப்ப பால் காய்ச்சும்னு தெரியணும்ல?” பக்கத்து அறைக்காரர்கள் அவனைப் ‘பொந்திஷெரி’, அதாவது பாண்டிச்சேரி, என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நான் இப்போது நாமக்கல்லில் இருக்கிறேன். அவன் விட்டுப்போன கடிகாரமும் என்னோடு வந்துவிட்டது. மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி முன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒரு மணி பின்னால். தவறுவதில்லை. போன வாரம் புதிதாக அறைக்கு வந்த லாரி கிளீனர் ஒருவர், காலை பத்து மணிக்கு நாற்காலியைச் சத்தமாக இழுத்துப்போட்டு ஏறி, “கடிகாரம் அஞ்சரை காட்டுதே, சரி பண்ணிடவா?” என்றார்.

“தொடாதீங்க. சத்தமும் போடாதீங்க,” என்றேன். “பையன் இன்னும் தூங்கறான்.”