நாற்பத்தொன்றாம் ரேங்க்

"மலைப் பள்ளிக்கூடத்துல பத்தாவது, முதல் ரேங்க். டவுனுக்கு மாறி வந்து பன்னிரண்டாவது, நாற்பத்தொண்ணு. நடுவுல என்ன ஆச்சு?" என்று கேட்டார் தாவரவியல் பேராசிரியை விஜயலட்சுமி.

பெரியம்மாள் வாயைத் திறப்பதற்குள் அப்பா அம்மாசி முந்திக்கொண்டார். "காமாலைங்க."

அவரைக் கோபிக்காதீர்கள், கண்ணுகளா. இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. வெள்ளிமலையிலிருந்து மகளோடு நடந்தே இறங்கி, விழுந்து கிடந்த புளியமரங்களில் ஏறிக் குதித்துக் கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தால், வராந்தா பெஞ்சுகள் காலி. எல்லாரும் இடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மிச்சம் மீதி இருந்தால்தான் உண்டு என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

"காமாலையா? டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"டாக்டரு இல்லீங்க. வேர் அரைச்சுக் குடுத்தோம்."

"என்ன வேர்?" பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். தாவரவியல் அல்லவா.

"அது... மஞ்சளா இருக்கும்ங்க."

"இலை எப்படி இருக்கும்?"

அம்மாசிக்கு வியர்த்தது. "இலைய நான் பாக்கலீங்க. காமாலையில புள்ளக்கிக் கண்ணும் மங்கிப்போச்சு. போர்டுல எழுதுனதே தெரியல."

பேராசிரியை சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். "படிம்மா."

பெரியம்மாள் படித்தாள். அடியில் பொடி எழுத்திலிருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்தாள்.

"உன்ன யாரு அவ்ளோத்தையும் படிக்கச் சொன்னது?" என்று பல்லைக் கடித்தார் அப்பா.

"வாப்பா, போலாம்." அவள் எழுந்துவிட்டாள்.

"உட்காரும்மா, உட்காரு" என்றார் பேராசிரியை அவசரமாக. பியூன் ராஜாங்கமும் வாசலை அடைத்தாற்போல் வந்து நின்றார்.

பெரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "காமாலை எல்லாம் இல்லீங்க மேடம். மலையில என் கிளாஸ்ல நான் ஒருத்திதான். மத்த புள்ளைங்க சாமை அறுக்கப் போயி அப்படியே நின்னுடுச்சுங்க. பரிட்சை வெச்சா நான்தான் ஃபர்ஸ்ட்டு, நான்தான் லாஸ்ட்டு."

பேராசிரியை பேனாவை மூடினார்.

"டவுன் பள்ளிக்கூடத்துல நாப்பத்தொண்ணுன்னு சொன்னப்ப அப்பா அழுவுனாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு மேடம். எனக்கு முன்னாடி நாப்பது பேரு இருக்காங்களேன்னு."

"அவங்க உன்னோட பேசினாங்களா?"

"இல்லீங்க. மலைக்காரின்னு கடைசி பெஞ்சுல தனியா வுட்டுட்டாங்க. காலேஜுலயாச்சும் பக்கத்துல ஒருத்தி உக்காருவான்னுதான் வந்தேன். ரேங்க் எதுவானாலும் பரவால்லீங்க."

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அம்மாசி குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தார். "பாத்தியா, காமாலைன்னு சொன்னதாலதான் மேடம் எரக்கப்பட்டாங்க."

பெரியம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்தில் உட்காரப் போகிறவளுக்கு மனசுக்குள் பேர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எங்க கிளாஸ்ல மொத்தம் எத்தினி பேரு?"

ராஜாங்கம் கேட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "அவ்ளோ மரத்தையும் தாண்டிக்கினு வேற யாரும்மா வருவா, இன்னியோட அட்மிசனும் முடிஞ்சிபோச்சு, நீயும் வரலன்னா கிளாஸையே மூடியிருப்பாங்க, கவலப்படாத, இங்கயும் நீதான் ஃபர்ஸ்ட்டு."