மலைக்குத் தூக்கிப்போன தண்ணீர்

எங்கள் ஊர்க்காரனைக் குளத்துக்கு நடுவில் இறக்கிவிட்டாலும், தண்ணீர் பாட்டில் எடுத்து வந்தோமா என்றுதான் முதலில் பையைத் தடவிப் பார்ப்பான். நான் குடியிருப்பது அருப்புக்கோட்டை, பிறந்தது எம்.ரெட்டியபட்டி. ஆக, இந்த வியாதி எனக்கு இரண்டு பங்கு. (இதற்கு மருந்து மழைதான். அது எங்கள் பக்கம் ஸ்டாக் இருப்பதில்லை.)

என் மனைவி செல்விக்கு ஒரே ஓர் ஆசை. நகை இல்லை, புடவை இல்லை; மேகத்துக்குள் போய் ஒரு தடவை நிற்க வேண்டும். எங்கள் ஊர் மேகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும். கறுத்துத் திரண்டு வரும். நாங்களும் பதறிப்போய்க் கொடியில் கிடக்கும் துணியை எல்லாம் எடுப்போம். அது பைபாஸ் பஸ் மாதிரி ஊருக்குள் வராமலே போய்விடும்.

"அது எங்கிட்டுதான் போயி எறங்குதுன்னு பாக்கணும்ங்க. அங்கன போயி ஒரு நாளு நிக்கணும்" என்பாள். கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறாள். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையை வைத்துக்கொண்டு, இந்தா போகலாம், அந்தா போகலாம் என்று நான் வருடங்களை ஓட்டிவிட்டேன்.

கடைசியில் மகள் கவிதாதான் போனிலேயே ஏற்பாடு செய்தாள். கொடைக்கானலுக்கும் மேலே ஒரு மலைக்கிராமம். காலையில் ஏறி, சாயங்காலம் இறங்க வேண்டும். வழிகாட்டி உண்டு. உச்சியில் சாமிக்குத் தழை வைத்துக் கும்பிட்டுவிட்டு, சாமைச் சோறு.

வழிகாட்டி அந்தக் கிராமத்து முருகாயி அக்கா. செருப்பு இல்லாமல் சரசரவென்று ஏறுகிறவர். எங்கள் இரண்டு பேரோடு மதுரையிலிருந்து ஒரு குடும்பமும் வந்திருந்தது. ஊர் எல்லையில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. அங்கே அக்கா எல்லோரையும் நிறுத்தினார்.

"கீழயிருந்து கொண்டாந்த தண்ணிய எல்லாரும் இங்கன ஊத்திருங்க. மேல சுனைத்தண்ணிதான் குடிக்கணும். கீழ்த்தண்ணிய தூக்கிட்டுப் போனா, 'ஏன், எங்கிட்ட இல்லையா'ன்னு மலை கோவிச்சுக்கிரும். மேகம் எறங்காது."

மதுரைக்காரர்கள் சளசளவென்று ஊற்றினார்கள். செல்வியும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிட்டாள். எனக்குத்தான் கை வரவில்லை. அது சும்மா தண்ணீரா? எப்போதாவது தண்ணீர் எட்டிப்பார்க்கும் குழாயடியில் தூக்கத்தைக் கெடுத்து வரிசையில் நின்று அவள் பிடித்த தண்ணீர். அதை மண்ணில் கொட்ட எனக்கு மனசு கேட்கவே இல்லை. சின்ன பாட்டிலை மட்டும் பயபக்தியோடு ஊற்றினேன். பைக்குள் துண்டு சுற்றிக் கிடந்த ஐந்து லிட்டர் கேனைப் பற்றி மூச்சு விடவில்லை. (மலை என்ன, பையைத் திறந்தா பார்க்கப்போகிறது?)

மலை பார்க்கவில்லை. முழங்கால் பார்த்துவிட்டது. எல்லோரும் ஆடு மாதிரி தாவிப் போக, நான் நெல் மூட்டை சுமப்பவன் போலப் பின்னால் ஊர்ந்தேன். போதாததற்குக் கேன் மூடி லேசாகக் கசிந்து முதுகெல்லாம் ஈரம்.

முருகாயி அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏந் தம்பி, இந்தக் குளுருலயா இம்புட்டு வேர்க்குது?"

"எங்க ஊரு உடம்புக்கா, அப்படித்தான்" என்றேன் கம்பீரமாக. அந்தக் கம்பீரத்தில் வைத்த அடுத்த அடியில் பாசி இருந்தது. பொத்தென்று உட்கார்ந்தேன். மூடி தெறித்து, பையிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பாதையில் ஓடியது. மதுரைக்காரர் காலைத் தூக்கிக்கொண்டு, "அடேயப்பா, இவரே ஒரு சுனையால்ல இருக்காரு!" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. கேனில் மிச்சம் பாதி இருந்தது. "எல்லைக்கல்லுக்குப் போயி ஒங்கையாலயே ஊத்தணும். இன்னைக்கு ஒனக்கு மலை இல்லப்பா. நாங்க வார வரைக்கும் அங்கனயே இரு."

நான் ஏறியிருந்த அழகுக்கு அந்தக் கல் அங்கிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

செல்வி என்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். "நீங்க இல்லாம எப்பிடிங்க?"

"மேகம் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? போ செல்வி. நான் இங்கனதான இருக்கேன்."

போனாள். வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கல்லடியில் உட்கார்ந்து, ஊற்ற மனமில்லாமல் முடிந்த மட்டும் குடித்தேன். வயிறு திம்மென்று ஆனது. பிறகு மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். தலையை நிமிர்த்தினால், உச்சியில் வெள்ளையாய் இறங்கிக்கொண்டிருந்தது மேகம். மரம் மறைந்தது, பாறை மறைந்தது. அதற்குள்தான் எங்கேயோ அவள் நிற்கிறாள். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தவளுக்காக அன்றைக்குப் போல நான் ஏங்கியதே இல்லை.

சாயங்காலம் இறங்கி வந்தபோது அவள் தலைமுடி முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிகள். அதைத் தொட்டுப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த மேகம் அவ்வளவுதான். "எப்பிடி இருந்துச்சு?" என்றதற்கு, "பெறகு சொல்றேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் மேகம் செய்யும் துரோகத்துக்கெல்லாம் வீட்டில் நான்தான் பொறுப்பு. போன வாரமும் வானம் கறுத்தது. துணியை எடுத்தோம். மேகம் திருச்சுழிப் பக்கம் நகர்ந்தது. மாடியிலிருந்து கவிதா கத்தினாள்: "யப்பா, பைக்குள்ள தண்ணிய ஒளிச்சு வச்சிருந்தா மரியாதையா ஊத்திருங்க!" எதிர்வீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

செல்வி மட்டும் போகிற மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாகக் கேட்டேன். "அன்னைக்கு உள்ள எப்பிடி இருந்துச்சு? இப்பவாச்சும் சொல்லேன்."

"ஒண்ணுமே தெரியலங்க. நீட்டுன கையே தெரியல. பக்கத்துல நீங்க நிக்கிறீகளா இல்லையான்னுகூடத் தெரியாது. சரி, நிக்கிறீகன்னே வச்சுக்கிருவோம்னு பேசிக்கிட்டு இருந்தேன்."

நான் அவள் பக்கம் நகர்ந்து நின்றேன். "என்னத்த பேசுன?"

"'தண்ணிய ஊத்திட்டீகளா'ன்னு கேட்டேன்."