வெலிமடைக் கிளை மேனேஜர்

உலகத்தில் யாருக்கு என்ன கிடைத்தாலும் எனக்கு வயிறு எரிந்ததில்லை, என் சகலை ஒருவரைத் தவிர. பக்கத்துக் கடைக்காரர் மாடி எடுத்துக் கட்டியபோது நானே போய் வாழ்த்திவிட்டு வந்தவன். ஆனால் என் மனைவியின் அக்காள் கணவர் செல்வராஜ் ஒரு புதுக் குடை வாங்கினால்கூட அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்காது. அப்படிப்பட்ட என் கண்முன்னால், எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடன் அட்டையை வெளியே எடுத்தார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காதுகுத்து. வரிசை வீடுகளான லயத்து வாசலில் பந்தி. சகலை வெலிமடையில் மரக்கறி மொத்த வியாபாரி. உருளைக்கிழங்கும் லீக்ஸும் லொறி லொறியாகக் கொழும்புக்கு அனுப்புகிறவர். நான் பதுளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். (ஸ்டூடியோ என்றால் ஓர் அறை, ஒரு கமரா, அரண்மனையும் அன்னம் நீந்தும் குளமும் வரைந்த ஒரு திரை, ஒரே ஊழியனாகிய நான்.)

அட்டை பந்தியில் கைமாறிக் கைமாறிப் போனது. சாம்பார் கை படக்கூடாது என்று ஆளாளுக்கு இடது கையால் வாங்கிப் பார்த்தார்கள்.

"காசு இல்லாமலே சாமான் குடுப்பாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"கொழும்புல பெரிய கடைங்கள்ல குடுப்பாங்க. கையெழுத்துப் போட்டா போதும்," என்ற சகலை, என் பக்கம் திரும்பினார். "டவுன்லயே இருக்கீங்க, நீங்க இன்னுமா எடுக்கல?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். என் வாயில் பாயசம் கசந்தது. அது தனிநபர் அட்டை என்பதை மட்டும் போகிற போக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி பார்வதி, ஜன்னலைப் பார்த்தபடி, "அக்கா பேருலயும் ஒண்ணு எடுக்கலாமாம்," என்றாள். அவ்வளவுதான்.

(பதுளையில் அந்த அட்டையை வாங்குகிற கடை ஒன்றுகூட இல்லை என்பதோ, நான் கொழும்புக்குப் போவதே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்பதோ அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.)

திங்கட்கிழமை காலையிலேயே வங்கிக்குப் போய்விட்டேன். நிஸாம் என்ற இளம் அதிகாரி படிவத்தை நீட்டினார். "பர்சனல் கார்டா, பிஸ்னஸ் கார்டா?"

"இதுல எது சேர் பெரிசு?"

"பிஸ்னஸ்தான். ஆனா அதுக்கு விவரமெல்லாம் கூடக் கேப்பாங்க."

"அப்ப அதுதான் எனக்கு."

ஊழியர் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. ஐந்து என்று எழுதினேன். (நான், பார்வதி, இரண்டு பிள்ளைகள், ஸ்டூடியோவில் தூங்க வரும் பூனை.) கிளைகள்? இரண்டு: லுணுகலை, வெலிமடை. இது முழுப் பொய் இல்லை. தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் லுணுகலைக்கும், சந்தை நாளில் வெலிமடைக்கும் திரையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போவேன். ஏதாவதொரு கடைத் தாழ்வாரத்தில் அதை மாட்டிவிட்டால் அது கிளை. மழை வந்தால் கிளையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

நிஸாம் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். "நல்லதாப் போச்சு. வியாழக்கிழமை நான் வேற வேலையா வெலிமடைக்குப் போறேன். அப்படியே உங்க பிராஞ்சையும் பாத்துட்டா ரிப்போர்ட் எழுதிடலாம்."

புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் அடுத்த பஸ்ஸில் வெலிமடைக்குப் போனேன். அந்த ஊரில் கட்டடம் என்று ஒன்று வைத்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

"சகலை, அவசரமா எனக்கு ஒரு கிளை வேணும்."

"எந்த மரத்துல?" என்றார் அவர்.

அட்டைக்கு விண்ணப்பித்ததைச் சொல்ல நாக்கு எழவில்லை. யாரோ கமரா ஃபிலிம் கம்பெனி ஆள் கடை பார்க்க வருவதாகச் சொல்லிவைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. மரக்கறி ஸ்டோரின் முன்பக்கத்தைக் கழுவிவிட்டு, மேசை நாற்காலி போட்டு, கிழங்கு மூட்டைகளை மறைத்து என் திரையைக் கட்டிக்கொடுத்தார். மேனேஜராக உட்கார அவருடைய லொறி டிரைவரை ஏற்பாடு செய்தார்.

வியாழக்கிழமை டிரைவர் வரவில்லை. லொறி பண்டாரவளையில் நின்றுபோய்விட்டதாம். முதலாளிக் கோலத்தில் டை கட்டி வந்திருந்த நான் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்தேன்.

"அதுக்கென்ன, நானே உக்காருறேன்," என்றார் சகலை. "அந்த டையைக் கழட்டிக் குடுங்க."

அவர் டையைக் கட்டி முடிக்கவும் ஜீப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நிஸாம் உள்ளே வந்தார். அரண்மனையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார்.

"செல்வராஜ் முதலாளி! நீங்க எப்படி இங்க?"

சகலையின் அட்டைக்குப் படிவம் வாங்கி அனுப்பியவரும் இதே நிஸாம்தான் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. சகலை என்னைப் பார்த்தார். நான் அன்னத்தைப் பார்த்தேன். கொடுத்த வாக்கை மீறாத மனிதர் அவர். எழுந்து நின்று, "நான் இங்க பிராஞ்ச் மேனேஜருங்க," என்றார்.

"மரக்கறி மொத்த வியாபாரம்னு எங்ககிட்ட எழுதிக் குடுத்தீங்களே?"

"அது... ஓய்வு நேரத்துலங்க."

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. "மொதலாளி, லீக்ஸ ஏத்திரவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பதிலுக்குக் காத்திராமல், தோளில் மூட்டையோடு ஓர் ஆள் அரண்மனை வாசல் வழியாகவே நேராக வெளியே வந்தார். திரை டர்ரென்று கிழிந்து நிஸாமின் தலைமேல் விழுந்தது. பின்னால் கூரைவரை உருளைக்கிழங்கு.

நிஸாம் குளத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கோபப்படவில்லை. "இத நான் என்ன பிராஞ்சுன்னு எழுதுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஊற்றிவைத்த தேநீரைத் தொடாமல் போனார்.

என் விண்ணப்பம் தள்ளுபடியானது. இரண்டு வாரத்தில் சகலைக்கும் கடிதம் வந்தது: தொழில் என்னவென்று தெளிவாகும்வரை அட்டையைத் திருப்பி ஒப்படைக்கவும். செய்தி கேட்ட அன்று நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் வெட்கம் பிடுங்கித் தின்றது. வெலிமடைக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

சகலை ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். பிறகு, "கார்டுக்குத்தானா இவ்வளவும்? என்கிட்ட கேட்டிருந்தா நானே கூட வந்திருப்பேனே," என்றார். என்னைப் பார்க்காமல் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தேய்த்தார். "அன்னைக்கு நான் ஏன் உக்காந்தேன் தெரியுமா? உங்க கடைப் பக்கம் வந்தாலே எனக்கு வயிறெரியும். டை கட்டி, நெழல்ல நின்னு, மனுசன் மொகத்தப் பாத்து வேல செய்றீங்க. நான் விடிஞ்சா மண்ணு. ஒரு நாளாவது அப்படி உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு."

நான் பொறாமைப்பட்டே தேய்ந்த அத்தனை வருஷமும் அந்த மனிதர் என்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! முன்னமே தெரிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கிழிந்த திரையைப் பார்வதி தைத்துக் கொடுத்தாள். அதன் முன்னால் சகலையை டையோடு உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். ஆறு மாதத்தில் அவருடைய அட்டை திரும்பி வந்தது. நான் பிறகு எந்தப் படிவத்தையும் தொடவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால், "எந்தக் கிளை? வெலிமடையா, லுணுகலையா?" என்று கேட்பார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடமே ஒருமுறை பார்வதி கேட்டுவிட்டாள். அந்தப் படம் சகலை வீட்டு முன்னறையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம், "நான் மேனேஜரா இருந்தப்ப எடுத்தது," என்று காட்டுகிறார். எல்லோரும் சிரித்துவிட்டு, ஆள் எவ்வளவு எடுப்பாக இருக்கிறார் என்று மெச்சுகிறார்கள்.

எடுத்தது யார் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.